சொந்தமாக ஒரு அழுகை

மதியத்துக்குள் அவளுடைய கணவன் மூன்று முறை இறந்துவிட்டான். ஒரு முறை விபத்தில், மற்றவை மாரடைப்பில். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மூக்கின் இரு பக்கமும் அது அழுந்திய தடம் இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"எத்தன?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

"மூணு, அண்ணே."

"எனக்கு ரெண்டுதான். ஆனா ரெண்டாவதுல நாற்காலியத் தூக்கி அடிச்சேன் பாரு, அந்தப் பொண்ணு கண்ணாடியக் கழட்டிப் போட்டுட்டு ஓடியே போச்சு."

"பாவம்."

"என்ன பாவம்? நாளைக்கு நெஜமாவே ஒருத்தன் அடிப்பான். அதுக்கு இப்பவே ஓடிக்கட்டும்."

அவர் முன்பு இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். இங்கே இறந்தவரின் அண்ணனாக வருவார். கோபம் அவர் பொறுப்பு. எல்லோரும் அவரைக் கோபக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நேரில் அவர் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார்.

சாவுச் செய்தி சொல்ல டாக்டர்களைப் பழக்குவது அந்த அலுவலகத்தின் வேலை. பழக வருபவர்கள் வேறு வேறு ஊர்களில் அவரவர் அறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். இவள் இங்கே மாட்டிக்கொள்வாள். கண்ணை முழுக்க மூடும் கனமான கண்ணாடி. அதற்குள் ஓர் அறை இருந்தது. மஞ்சள் சுவர், ஒரு சோபா, எதிரே ஒரு நாற்காலி, மேசைமேல் டிஷ்யூ பெட்டி. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். அதன் இலைகள் எப்போதும் ஒரே மாதிரி அசைந்தன. அந்த அறையில் அவளுக்கு வேறு உடம்பு. நரைத்த தலை, தடித்த கைகள், வயதும் கூடுதல். அலுவலகத்தில் அதைப் பொம்மை என்பார்கள். இவள் புருவம் சுருங்கினால் பொம்மையின் புருவம் சுருங்கும். வாய் கோணினால் கோணும். குரலை மட்டும் இயந்திரம் கொஞ்சம் கிழடாக்கி அனுப்பும்.

டாக்டர் உள்ளே வருவார். உட்கார்ந்து பேசலாமா என்று கேட்பார். பிறகு சொல்வார். அவள் அழுவாள். கொஞ்ச நேரம் கழித்து அழுகையை நிறுத்திவிட்டு, சொன்னதில் எது சரி, எது தப்பு என்று விளக்குவாள்.

அழுவது அவளுக்குப் புதிதில்லை. இதற்கு முன்னால் தொடர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அங்கே அழுதது தொண்டை மட்டும். இங்கே சேர்ந்த புதிதில் நிஜமாகவே கண்ணீர் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, உன் கணவன் இறந்துவிட்டான் என்கிறார். பெயர் வேறு, உடம்பு வேறு. ஆனாலும் வந்தது. கண்ணாடிக்குள் ஈரம் படிந்தது. உள்ளிருந்து அவள் கண்களைக் கவனித்துக்கொண்டிருந்த சின்னக் கேமரா, ஈரமான கண்ணை மூடிய கண் என்று எடுத்துக்கொண்டது. இவள் கதறக் கதறப் பொம்மை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அம்மா தூங்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார் ஒரு டாக்டர்.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"மேடம், உள்ள தண்ணி போச்சுன்னா போர்டு போயிடும். கண்ணீருக்குத் தனியா பட்டன் இருக்கு. தோ, வலது கட்டைவிரலுக்குக் கீழ."

கையில் பிடித்துக்கொள்ளும் பிடியில் ஒரு பட்டன் இருந்தது. ஒரு முறை அழுத்தினால் பொம்மையின் கண் நிறையும். மறுபடி அழுத்தினால் வழியும்.

அவள் கண்ணை உலர்வாக வைத்துக்கொண்டு அழப் பழகினாள். மூச்சை மேலே இழுக்க வேண்டும். தொண்டையில் நிறுத்த வேண்டும். தோளைக் குலுக்கி விட வேண்டும். கண்ணுக்குப் போகிற வழியில் எதையோ மூடிவிட வேண்டும். முதலில் யோசித்து மூடினாள். பிறகு அது தானாகவே மூடிக்கொண்டது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"இன்னைக்கு என்னை எத்தன தடவ கொன்ன?"

"மூணு."

"எதுல?"

"ஒண்ணு லாரி. மத்ததெல்லாம் ஹார்ட்டு."

"ஒரு தடவயாவது லிஃப்ட்ல சாக விடறியா? தொழிலுக்கு ஒரு மரியாத வேணாமா?"

போனில் நண்பர்கள் யாராவது கூப்பிட்டால், "வீட்ல முழுநேர விதவை ஒண்ணு இருக்கு, பேசறியா?" என்று அவளிடம் நீட்டுவான். அவள் போனை வாங்காமல் முதுகில் ஒன்று வைப்பாள்.

லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள். அதனால் எல்லா மாடிக்கும் அவன் ஏறித்தான் போக வேண்டும். அப்படி ஏறும்போது ஒரு நாள் மூச்சு நின்று நின்று வந்தது. படியில் உட்கார்ந்துவிட்டான். பரிசோதனை செய்த டாக்டர் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார். மாற்ற வேண்டும் என்றார். அன்று முதல் அவன் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்த மாலை, சாப்பாட்டு மேசையில் அவன் திடீரென்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"வா, ஒரு ஒத்திகை பாத்துடலாம்."

"என்ன ஒத்திகை?"

"நான் டாக்டர். உட்கார்ந்து பேசலாமா அம்மா?"

"உட்கார்ந்துதான இருக்கேன்."

"குறுக்க பேசாத. அம்மா, உங்க வீட்டுக்காரர் செத்துட்டார். தங்கமான மனுஷன். கடைசி வரைக்கும் பொண்டாட்டி சமையலப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல. சொல்லணும்னு நெனச்சார், அதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

அவள் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"சிரிக்காத. அழு, பாப்போம்."

"போங்க."

"அழேன். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் அழற."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். மூச்சை இழுத்தாள். நிறுத்தினாள். விட்டாள். மனைவியின் அழுகை. அம்மாவின் அழுகை வயிற்றிலிருந்து வரும். மனைவியுடையது இன்னும் கொஞ்சம் மேலேயிருந்து வரும், நடுவில் ஒரு இடத்தில் உடையும். அவன் முதலில் கைதட்டினான். பிறகு கைதட்டலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நீட்டி, விரலால் அவள் கண்ணுக்குக் கீழே தொட்டான்.

"ஏய். ஒரு சொட்டு இல்ல."

"அது பட்டன்ல வரும்."

"எங்கிட்ட பட்டன் இல்லையே."

"சாப்பிடுங்க."

"எனக்குன்னு ஒண்ணு சொந்தமா எடுத்து வெச்சிரு," என்றான். "வேலைக்கு அழறதெல்லாம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு தனியா."

"ஆமா, டப்பால போட்டு ஃப்ரிட்ஜுல வெக்கறேன்."

"நெஜமாத்தான் சொல்றேன்."

அவன் சிரிக்கவில்லை. சரி என்றாள்.

அவன் படுத்த பிறகு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். கோப்பையில் இரண்டு பிரஷ்கள் இருந்தன. அவனுடையதை எடுத்து வெளியே வைத்தாள். ஒற்றை பிரஷைப் பார்த்தாள். நெஞ்சு கனத்தது. மூச்சு மேலே போய், தொண்டையில் நின்று, தோள் குலுங்கியது. நிமிர்ந்து சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. ஒரு துளி இல்லை. அவன்தான் உயிரோடு இருக்கிறானே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். பிரஷைத் திரும்பக் கோப்பையில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் அவனை மேலே கூட்டிப்போனார்கள். நடக்க முடியும் என்று சொல்லியும் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"தரைக்கு ஒரு விரல் கீழ நிக்குது, பாரு. யாருகிட்டயாவது சொல்லணும். சக்கரம் தட்டும்."

"நீங்க நோயாளியா வந்திருக்கீங்க."

"நான் நோயாளி. லிஃப்டுக்கு என்ன வந்துது?"

சக்கரம் தட்டியது. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சொன்னேனா என்ற பார்வை.

மாலையில் பெரிய டாக்டரின் உதவியாளர் வந்தார். இளைஞர். தாடையில் பழைய பருக்களின் தழும்பு. சட்டைப் பையில் மை கசிந்த கறை. அவள் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆப்பரேஷனில் என்ன செய்வார்கள், என்ன ஆபத்து இருக்கிறது என்று சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தினார்.

"நான் சொன்னத உங்க வார்த்தையில ஒரு தடவ திருப்பிச் சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்வியில் அவளுக்குக் குரல் பிடிபட்டது.

"நெஞ்சத் தொறப்பீங்க," என்றான் கணவன். "பழைய பார்ட்ட எடுத்துட்டு புதுசு போடுவீங்க. ஓட்டிப் பாத்துட்டு மூடுவீங்க. லிஃப்டுலயும் அதேதான் சார். என்ன, நாங்க ஓட்டறப்ப ஆள ஏத்த மாட்டோம்."

டாக்டர் சிரித்தார். உடனே சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அவர் சாவு சொல்ல எங்கிட்ட பழகினவர்," என்றாள் அவள்.

"யாரு, இந்தப் பையனா? உன்னத் தெரியலையே அவனுக்கு."

"அவர் பாத்தது கிழவிய."

"எப்படி, நல்லா பண்ணினானா?"

"ரெண்டு தடவ ஃபெயில் போட்டேன்."

"அடிப்பாவி. ஃபெயில் போட்டவன் கையில கொண்டுவந்து என்னக் குடுத்திருக்க."

"பேசறதுலதான் ஃபெயில். கத்தி பிடிக்கறதுல இல்ல."

போன வருடம் அது. முதல் முறை அந்த மஞ்சள் அறைக்குள் வந்தபோது அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருடைய பொம்மைக்குத் தழும்பில்லாத வழவழப்பான முகம். குரல் மட்டும் சொந்தக் குரல். "வந்து," என்றார். "அம்மா, வந்து... உங்க வீட்டுக்காரர் வந்து..." நின்றுவிட்டார். "வந்து, இப்ப இல்லம்மா."

அவள் பயிற்சியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இல்லன்னா? வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டீங்களா?"

அவர் அழுதார். பட்டன் இல்லாத அழுகை. அவருடைய பொம்மையும் கண்ணை மூடிக்கொண்டது. மூடிய கண்ணோடு அது கை நீட்டி அவள் கையைப் பிடிக்க வந்தது. அந்த அறையில் கைகளுக்குக் கனம் கிடையாது. அவர் கை அவள் கைக்குள் நுழைந்து மறுபக்கம் போனது. இங்கே, அலுவலகத்தில், அவளுடைய சொந்தக் கை பிடியை விட்டுவிட்டு அந்தரத்தில் எழுந்திருந்தது. எதையோ பிடிக்கப் போன மாதிரி. அவள் அதை இறக்கினாள். பயிற்சியை நிறுத்தினாள்.

"சுத்தி வளைக்காதீங்க," என்றாள். "இறந்துட்டார்னு சொல்லணும். இல்லைன்னோ போயிட்டார்னோ சொன்னா அவங்களுக்கு ஒரு நம்பிக்கை ஒட்டிக்கும். கையத் தொடாதீங்க. யாருக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அப்புறம், நீங்க அழுதா அவங்க உங்களத் தேத்தணும். அது அவங்க வேலை இல்ல."

எல்லாம் சரியானவைதான். அவளாக உண்டாக்கியவை இல்லை. உறவைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டு, யோசித்து வகுத்தவை. இரண்டாம் முறை அவர் அழவில்லை, ஆனால் "வந்து" போகவில்லை. மூன்றாம் முறை அதுவும் போய்விட்டது. அடுத்த நிறுத்தம் எது என்று பஸ்ஸில் ஒரு குரல் சொல்லுமே, அப்படி இருந்தது. அவள் நன்றாகச் செய்தீர்கள் என்றாள். அவர் நன்றி சொன்னார்.

இதையெல்லாம் கணவனிடம் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னு வை. அவன் சொல்லி நீ கேக்காத."

"வேற யாரு சொல்லணுமாம்?"

"என் தங்கச்சி சொல்லட்டும். அவளுக்கு ஒண்ணையும் ஒழுங்கா சொல்ல வராது. எங்கப்பா செத்தப்ப, சித்தப்பா வீட்டுக்குப் போய் சொல்லிட்டு வான்னு அவள அனுப்பினோம். போனா, டீ குடிச்சா, குழந்தைங்களோட விளையாடினா, அப்பாவுக்குக் கொஞ்சம் சுமாரா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சித்தப்பா பழம் வாங்கிட்டுப் பாக்க வந்தார்."

இருவரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எடுத்து வெச்சிருக்க இல்ல?" என்றான்.

என்ன என்று அவள் கேட்கவில்லை. "இருக்கு," என்றாள்.

காலையில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். அவன் பச்சைத் துணிக்குள் சின்னதாகத் தெரிந்தான். "மேல போறது எனக்கென்ன புதுசா?" என்றான். வண்டியைத் தள்ளியவர் சிரித்தார். கதவு மூடியது.

அவளும் நாத்தனாரும் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் வாய் ஓயாமல் பேசினாள். அண்ணன் சின்ன வயதில் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டது. அதைத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்தது. பேசப் பேச அழுதாள். அழுதுகொண்டே பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"குடிங்க அண்ணி. நீங்க கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"குடிக்கறேன்."

"எல்லாம் நல்லபடியா முடியும். முடியும்ல?"

"முடியும்."

சொன்ன நேரம் தாண்டியது. கதவு திறக்கும்போதெல்லாம் நாத்தனார் எழுந்து நின்றாள். யார் யாரோ போனார்கள், வந்தார்கள். ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி ஓடினாள். நாத்தனார் போனை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று படிக்கட்டுப் பக்கம் போனாள்.

அப்போது கதவு திறந்தது. அந்த இளம் டாக்டர். தலைக்குல்லாவைக் கழற்றியிருந்தார். நெற்றியில் அதன் தடம்.

"உட்கார்ந்து பேசலாமா அம்மா?"

அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். நாத்தனாரின் முதுகு தெரிந்தது. போனில் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிடலாம். இருங்கள், அவள் வந்து சொல்லட்டும் என்று டாக்டரிடம் சொல்லலாம். அவளுக்கே இன்னும் தெரியாதே. அவளிடம் யார் சொல்வது?

டாக்டர் ஓர் அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் உள்ளே போனாள்.

மஞ்சள் சுவர். ஒரு சோபா. எதிரே நாற்காலி. மேசைமேல் டிஷ்யூ பெட்டி. ஜன்னல் இருந்தது, வெளியே மரம் இல்லை. இன்னொரு கட்டடத்தின் சுவரும் ஒரு குழாயும் இருந்தன. குழாயிலிருந்து நீர் ஒழுங்கில்லாமல் சொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டாள். ஒழுங்கில்லாமல் சொட்டினால் இது நிஜம்.

"இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

"ஆப்பரேஷன் நடந்துட்டிருக்குன்னு சொன்னாங்க." கிழவி வழக்கமாகச் சொல்லும் பதில் அது. வேறு பதிலும் இல்லை.

"நான் சொல்லப்போறது கஷ்டமான செய்தி."

நிறுத்தினார். சரியான இடைவெளி.

"உங்க கணவர் இறந்துட்டார்."

சுற்றி வளைக்கவில்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னார். கைகள் முழங்கால்மேல் இருந்தன. சொன்ன பிறகு பேசாமல் இருந்தார். இனி அவள் பேசும் வரை அவர் பேச மாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

அவள் காத்திருந்தாள். அவனுக்காக எடுத்து வைத்திருந்தது வர வேண்டும். கதவு திறந்திருந்தது. வரட்டும்.

"இல்ல," என்றாள். "நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

கிழவியின் வரி. குரல்கூடக் கொஞ்சம் கிழடாக வந்தது.

"உங்களால நம்ப முடியலன்னு புரியுது," என்றார் டாக்டர். "புது வால்வு வெச்சதுக்கு அப்புறம் இதயம் திரும்ப ஓடல. ரொம்ப நேரம் முயற்சி பண்ணினோம். அவர் இறந்துட்டார்."

இரண்டாம் முறை அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னார். அவளுடைய தோள் குலுங்கியது. சத்தம் வந்தது. நடுவில் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. அவளுடைய வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அதை அவள் கண்டாள். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. கண்ணில் ஒன்றும் நிறையவில்லை. ஒன்றும் வழியவில்லை.

டாக்டர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். கையில் கொடுக்கக் கூடாது. அவர் கொடுக்கவில்லை.

"டாக்டர்," என்றாள். "கையக் குடுங்க."

அவர் கைகள் முழங்காலை விட்டு அசையவில்லை. "நான் இங்கதான் இருக்கேம்மா. அவசரமில்ல."

"வந்துன்னு ஆரம்பிப்பீங்களே."

"என்னம்மா?"

"வந்து, வந்துன்னு. மஞ்சள் ரூம்ல. உங்களுக்குச் சொல்லவே வரல. அழுதீங்க."

டாக்டரின் முகம் மெதுவாக மாறியது. அவர் அவள் தலையைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். நரையும் தடித்த விரல்களும் அங்கே இல்லை.

"நீங்களா?"

"நான்தான். ஒரு தடவ அதே மாதிரி சொல்லுங்க. மொதல் தடவ சொன்ன மாதிரி."

அவர் வாயைத் திறந்தார். கீழுதடு கொஞ்சம் நடுங்கியது. அவள் முன்னால் சாய்ந்தாள். அவர் விழுங்கினார். நடுக்கம் நின்றுவிட்டது. அதை நிறுத்த அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"மேடம்," என்றார். அம்மா மேடமாகிவிட்டது. பிறகு, கேட்க நினைக்காமலே, மூன்று முறையும் கடைசியில் கேட்ட அதே பணிவோடு கேட்டார். "சரியா சொன்னேனா?"

கேட்ட உடனே அவர் முகம் வெளுத்தது. கையால் வாயை மூடிக்கொண்டார்.

"சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் அவள். அதுவும் வாயில் தயாராக இருந்தது.

அறையை விட்டு வெளியே வந்தபோது நாத்தனார் போனோடு நின்றாள். டாக்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் அவளிடம் உட்கார்ந்து பேசலாமா என்று ஆரம்பித்தார். நாத்தனார் உட்காரவில்லை. தரையில் சரிந்தாள். போன் நழுவிச் சறுக்கிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போனது. உள்ளேயிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். நாத்தனாரின் அழுகையில் ஒழுங்கே இல்லை. மூக்கு ஒழுகியது, விக்கல் வந்தது, நடுவில் இருமினாள். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீரைப் பார்ப்பது போல.

"அண்ணி," என்று நாத்தனார் நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். இரு கையாலும் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "என்ன அண்ணி இது? கண்ணு இப்படிக் காஞ்சு கெடக்கு?"

அவள் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். நாத்தனார் விடவில்லை.

"கண்டவனுக்கெல்லாம் சம்பளத்துக்கு அழுவீங்களே. எங்கண்ணனுக்கு ஒரு சொட்டு கெடையாதா?"

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு நர்ஸ் கிட்டே வந்தாள். நாத்தனாரின் விரல்கள் அவள் கன்னத்தில் அழுந்தின. கனமுள்ள விரல்கள். ஊடுருவிப் போகவில்லை.

"அழுங்க அண்ணி. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். பாக்கப் பயமா இருக்கு. அழுதுடுங்க."

அவள் மூச்சை மேலே இழுத்தாள். நிறுத்தினாள். விட்டாள். மனைவியின் அழுகை. நாத்தனாரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், கண் தெரியாதபடி. நாத்தனார் அவளை இறுக்கிக்கொண்டாள். "அப்படித்தான். அப்படித்தான் அண்ணி. வெளிய வரட்டும்." நாத்தனாரின் கண்ணீர் அவள் கழுத்தில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. சுடச்சுட இருந்தது. டாக்டர் கொஞ்சம் தள்ளி, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவனைக் காட்டினார்கள். துணி கழுத்து வரை மூடியிருந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். அதை ஒட்டியிருந்த டேப்பின் பசை கன்னத்தில் ஒரு கோடாக இருந்தது. அதில் துணியின் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள். பஞ்சு வந்தது, பசை வரவில்லை. அவன் இப்போது கேட்க வேண்டும். இன்றைக்கு எத்தனை தடவை? அவள் காத்திருந்தாள். நாத்தனாரைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார்கள்.

"கீழ கொண்டுபோகணும்மா," என்றார் வண்டி தள்ளுபவர். காலையில் அவனுடைய பேச்சுக்குச் சிரித்தவர் அவர்தான். அவளை அவருக்கு ஞாபகம் இருந்தது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அவள் வண்டியோடு நடந்தாள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டின் கதவு திறந்தது. தரைக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"பாத்து," என்றாள். "அது கீழ நிக்குது."

"இது எப்பவுமே அப்படித்தாம்மா."

"யாருகிட்டயாவது சொல்லணும்னார்."

முன்சக்கரம் இறங்கும்போது தட்டியது. அவன் தலை அவள் பக்கம் சாய்ந்தது. அப்படியே நின்றது. சொன்னேனா என்ற பார்வை மட்டும் இல்லை.

அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அவள் அதைக் கூப்பிடவில்லை. எந்தப் பொம்மைக்கும் அது தெரியாது. அது மேலே வந்தது. வந்து, பழகிய வழியைப் பிடித்துக்கொண்டது. மூச்சு மேலே ஏறியது, தொண்டையில் நின்றது. இப்படி வேண்டாம் என்று நினைத்தாள். வேற வழியா போ. தோள் குலுங்கியது. சத்தம் வந்தது. நடுவில், உடைய வேண்டிய இடத்தில், உடைந்தது.

"அழுங்கம்மா," என்றார் தள்ளுபவர். "நல்லா அழுதுடுங்க."

அவள் கையைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டாள். விரலில் பசையும் பஞ்சும்தான் இருந்தன. கதவு மூடியது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கீழே இறங்கியது.